ட்ரூடி தேர்ந்தெடுத்த மயக்கம்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை காலை 7.10க்கு என் தங்கை ட்ரூடி ஹாஸ்கல், ஐடஹோ மாநிலம் பாய்சி நகரில் ஒரு தனியார் அறுவை மையத்தில் சேர்க்கப்பட்டாள். காரை ஓட்டிப் போனது நான். அவள் வெறும் வயிற்றோடு இருந்ததால் நானும் வழியில் காபி வாங்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் நான் கவனமாக இருப்பேன்.

மூன்று வருஷம் முன்பு எனக்குப் புற்றுநோய் வந்து இரண்டு மார்பையும் எடுத்தார்கள். அப்போது ட்ரூடி ஹவாயில் இருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேன். அவளுடைய விடுமுறையைக் கெடுப்பானேன்? திரும்பி வந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இனி உனக்கு பிரா வாங்குற வேலை மிச்சம்க்கா" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

போன ஜனவரியில் ஒரு மதியம் என் சமையலறையில் நின்று ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருக்கா, ரெண்டும் கீழே காசு தேடுது. தூக்கி நிறுத்தப் போறேன்."

நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளை பெற்றவள். அழகாகத்தான் இருந்தன. அதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி கடைசியில் மறுபடி வந்தாள்.

"டாக்டர் ரெண்டு வழி சொல்றார். ஊசி போட்டு மரத்துப்போக வச்சு, அரைத் தூக்கத்துலயே பண்ணலாமாம். இல்லன்னா முழு மயக்கம், தொண்டையில குழாய், வாயு எல்லாம். எனக்கு எது சௌகரியமோ அதுவாம்."

"நீ என்ன நினைக்கிற?"

"அரைத் தூக்கம்தான். சாயங்காலமே எழுந்து சூப் குடிக்கலாமாம்."

"தோலை இழுத்துத் தைக்கிறது தெரியும், ட்ரூடி. உன் மார்பைப் பத்தி அவங்க பேசிக்கிறது அத்தனையும் காதுல விழும். பல் டாக்டர்கிட்டயே நாற்காலியை உடைக்கிறவ நீ."

"சீ, போக்கா." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "நீ முழு மயக்கத்துலதானே பண்ணிக்கிட்ட?"

"ஆமா."

இதுவரை நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அறுவைக்கு முந்தின நாள் மையத்திலிருந்து நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள். ட்ரூடி என் வீட்டில்தான் இருந்தாள். போனை மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். ஒவ்வாமை, ரத்த அழுத்தம், சிகரெட் என்று கேட்டுக்கொண்டே வந்த நர்ஸ், "ரத்த சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சினை வந்திருக்கா, மேடம்?" என்றாள்.

ட்ரூடி என்னைப் பார்த்தாள். "அக்கா, உனக்கு?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"யாருக்கும் இல்லைங்க" என்றாள் போனிடம்.

போலீஸ்காரர்கள் நீங்கள் என் வீட்டைச் சோதனை போட்டு எடுத்த ஆஸ்பத்திரிக் கடிதம் அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், கரண்டி வைக்கும் இழுப்பறையில் இருந்தது. என்னுடைய அறுவையில் அந்த வாயு உள்ளே போனதும் காய்ச்சல் நூற்றாறைத் தாண்டியது. உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். ரத்த சொந்தத்தில் பரம்பரையாக வருகிற கோளாறு இது, உங்கள் தங்கைக்கும் இருக்கலாம், இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி என்பதால்தான் பிழைத்தீர்கள் என்றும் சொன்னார்.

ட்ரூடி போனது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் போல இரண்டு நாள் கிடந்து எழட்டும் என்றுதான் நினைத்தேன். கடிதத்தை அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

8.20க்கு வாயு கொடுத்தார்கள். 9.05க்கு உடம்பு சுட ஆரம்பித்தது. அதை முறிக்கும் மருந்து அங்கே இருந்தது, அளவு போதவில்லை. 11.47க்கு ட்ரூடி இறந்தாள். படிவத்தில் முழு மயக்கம் என்ற கட்டத்துக்கு எதிரே இருப்பது அவளுடைய கையெழுத்து.