அனன்யாவுக்கு வராத வாக்கியம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பத்மநாபன் ஐயா அவர்களே, புஜைராவின் தமிழ்க் குடும்பங்களை ஒரு கூரையின்கீழ் கூட்டிவைத்த பெரியோர்களே, கைக்குழந்தையோடு கால்மாற்றி நின்று கேட்கும் தாய்மார்களே, டூட்டி முடித்துத் தொழிலாளர் கேம்புக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தம்பிமார்களே, முன்பாயில் அமர்ந்திருக்கும் மழலைச் செல்வங்களே! முருகப்பெருமானை நெஞ்சில் நிறுத்தி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கல்லூரி வாசல் காணாதவள் நான். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டியே ஆங்கிலம் கற்றவள். நம் தமிழ்ச் சங்கத்தின் வரவுசெலவை வாசித்துவிட்டு அமர்கிறவளைப் பேசச் சொல்லிவிட்டார்கள். பயப்படாதீர்கள் தம்பி, இன்றைக்குக் கணக்குக் கிடையாது.

என் பக்கத்து ஃபிளாட் உமாராணியின் மகள் அனன்யா. ஐந்து வயது. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து காய்ச்சல். மருந்தில் போகும், பள்ளி திறந்தால் திரும்பும். சிறுநீரில் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் மருத்துவர்.

ஏன் வருகிறது? தண்ணீராலா? துணியாலா? மருத்துவர் கேட்டார். தாய் பதில் சொன்னாள். துறைமுக வேலையிலிருந்து தகப்பன் ராஜீவ் போனில் சொன்னார். நானும் சொன்னேன். குழந்தையை ஆங்கிலத்தில் கேட்டபோது, பழக்கிய வாக்கியத்தைச் சொன்னது: "ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ." உடம்பு கொதிக்கும் குழந்தை நலம் என்கிறது, நாங்கள் உச்சரிப்பை மெச்சுகிறோம்!

அங்கே கென்யா நாட்டுச் செவிலி ஒருவர், வாஞ்சிரு. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அமர்ந்தார். எங்களையும் அமரச் சொன்னார். அவர் ஊரில் ஒருவருக்கு நோவு என்றால், அது வீட்டுக்கே வந்த நோவாம். எல்லாரும் வட்டமாக உட்காருவார்களாம். நோயாளி குழந்தையானால் முதல் பேச்சு குழந்தைக்காம். மருத்துவரும் கால்மடக்கி உட்கார்ந்தார். குழந்தை எந்த மொழியில் அழுமோ அந்த மொழியில் கேளுங்கள் என்றார் வாஞ்சிரு.

உமாராணி தமிழில் கேட்டாள். பேசலாமா என்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, அனன்யா சொன்னாள்: "ஒண்ணுக்கு வந்தா மிஸ்கிட்ட இங்கிலீஷ்ல கேக்கணும்மா. எனக்கு அது வரல. அதான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிறேன்."

"அம்மாட்ட ஏன்டா சொல்லல?"

"நீதானம்மா தமிழ்ல பேசாதன்னு சொன்ன."

தாய்மார்களே, உமாராணியையா குறை சொல்வீர்கள்? பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டுமென்று நாம் எல்லாரும் போட்ட பூட்டல்லவா அது! ஆங்கிலம் வேண்டும், அரபி வேண்டும், அத்தனையும் வேண்டும். ஆனால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா? அந்த வாயைக் கேட்க ஒரு வட்டம் வேண்டாமா? மருந்தைக் கொடுத்தது ஆஸ்பத்திரி. காரணத்தைக் கொடுத்தது குழந்தை! கை உயர்த்தினால் போதும் என்று அவள் ஆசிரியை இப்போது சொல்லிவிட்டார். காய்ச்சலும் திரும்பவில்லை, முருகன் செயல்.

நான் கேட்பது ஒன்றே. நம் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இனிப் பாடத்தில் தொடங்க வேண்டாம். வட்டமாக உட்காருவோம், பிள்ளைகள் முதலில் பேசட்டும். நம்மில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், கேம்பில் தனியாய் இருக்கும் தம்பியானாலும், அங்கேயும் போய் உட்காருவோம்.

என்னம்மா அனன்யா, ஏன் எழுந்துவிட்டாய்? ஒண்ணுக்கு வருகிறது என்கிறாயா? போய்வா கண்ணு. யாரும் சிரிக்காதீர்கள். வழிவிடுங்கள் ஐயா, குழந்தை வாய்திறந்து கேட்டிருக்கிறது.

இதற்குமேல் எனக்குப் பேச்சில்லை. செவிகொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.