வலது பக்கத்துக் கப்பி

— வலது மோட்டரைப் புதுசாப் பூட்டியும் அதே நொண்டிதான், ஸமீமா தங்கச்சி. கப்பலின்ர முன்கதவைத் தூக்கேக்க இடது பக்கம் கெதியா எழும்புது, வலது பக்கம் இழுபடுது. கோணிப்போய் நிக்குது, பூட்டேலாது.

— மோட்டரை மாத்தினது ஆர், கொன்ஸ்ரன்ரைன் அண்ணன்?

— நான்தான். கொட்டாஞ்சேனையில ஹைட்ரோலிக்குக்கு என்னை விட்டா ஆளில்லை எண்ட நினைப்பு.

— இடது பக்கத்து எண்ணெய் ஹோஸை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாத்திப் பூட்டுங்க.

— பூட்டியாச்சு. இப்ப ஓட்டுறன்... சே, திரும்பவும் வலதுதான் மெல்ல.

— அப்ப எண்ணெய் வாற வழியில பிழையில்லை. மோட்டரும் புதுசு. ஒரு பம்புதான் ரெண்டுக்கும் எண்ணெய் தள்ளுது, லேசா சுத்துற பக்கம் எண்ணெய் கூடுதலா ஓடிரும். வலது பக்கம் என்னமோ இறுகியிருக்கு. கதவைத் தூக்குற கம்பிக்கயிறு ஓடுற கப்பியைக் கையால சுத்திப் பாருங்க.

— அசையுதில்லை... மாதாவே, கிறீஸ் அடிக்கிற துவாரத்தைப் பெயின்ற் மூடிக்கிடக்கு.

— பெயின்ற் ஆர் அடிச்சது?

— அதுவும் நான்தான். கப்பலை ஆசீர்வதிக்க ஃபாதர் வாறார் எண்டு ஓரிடம் விடாமல் வெள்ளையடிச்சனான்.

— சுரண்டிட்டுக் கிறீஸ் அடிங்க.

— எழும்புது தங்கச்சி, ரெண்டும் ஒண்டாய் எழும்புது. எத்தினை பேர் வந்து பாத்தவங்கள், ஒருத்தனும் மோட்டரை விட்டு நிமிந்து பாக்கேல்லை. மருதானையில உங்கட ரிப்பேர் கடையைக் காட்டித் தந்தவனுக்குப் புண்ணியம். உங்கட மூளைக்கு ஒரு கும்பிடு.

— இண்டைக்கே வெளிக்கிடுமா?

— ஓம், பின்னேரம். பருத்தித்துறைக்கு, யாழ்ப்பாணத்து ஆசுபத்திரி மருந்தோட. எங்கட அம்மா இருதய வருத்தக்காரி. குளிசை முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லியனுப்பினவ. கப்பல் போகாட்டி அவ்வளவுதான்.

— அம்மா அங்க எங்க இருக்காங்க?

— எங்கட வீடு ஷெல்லடியில இடிஞ்சுபோச்சு. இப்ப சோனகத் தெருவில, தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் ஆக்களைத் துரத்தேக்க அவையள் விட்டிட்டுப் போன வீடொண்டில. ஆரின்ர வீடோ தெரியாது. பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை, கடைசி வீடு. கிணத்தடியில மாதுளை நிக்குதாம்.

— மாதுளை இன்னும் நிக்குதா?

— ஏன் தங்கச்சி, முகம் மாறிப்போச்சு?

— அம்மாவைத் தண்ணி அள்ள விடாதீங்க அண்ணன். அந்தக் கிணத்துக் கப்பியும் இறுக்கம். எண்ணெய் விடு எண்டு வாப்பா என்னட்டச் சொன்ன கிழமைதான் அவங்க எங்களை வெளிக்கிடச் சொன்னது.