சிவப்புப் புள்ளி வச்ச காசு

இல்ல டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தக் காசை நான் ஏற்கெனவே பாத்தாச்சு. எப்படியா? திருப்புங்க. ஓரத்துல சிவப்பா ஒரு புள்ளி, பாதி தேஞ்சு கிடக்குது பாருங்க. நகப்பாலிஷ். நான் வச்சதுதான்.

அது எங்க வழக்கம். அச்சுப் பிழை உள்ள காசு சிக்கினா நல்ல விலைக்குப் போகும்னு, பேங்க்ல சில்லறையை மூட்டையா வாங்கிட்டு வருவோம், நானும் என் சம்சாரமும். ஞாயித்துக்கிழமை இதே மேசைல பேப்பரை விரிச்சுக் கொட்டிருவோம். சந்தேகமானதை அவ வெறுங்கண்ணுல பொறுக்கி என் பக்கம் தள்ளுவா. நான் லென்ஸ்ல பாத்துத் தீர்ப்பு சொல்லுவேன். ஒண்ணுமில்லேன்னா ஒரு புள்ளி வச்சுத் திரும்ப பேங்க்லயே கட்டிருவோம். அதே காசு மறுபடி வந்து உசுரை வாங்கக் கூடாதில்ல? பாலிஷ் அவளோடது. திட்டிக்கிட்டேதான் குடுப்பா.

ரெட்டை அச்சா? அது வேற சமாச்சாரம். காசு அடிக்கிற அச்சுலயே எழுத்து ரெண்டு தடவை பதிஞ்சிருக்கும். அதுல அடிச்ச அத்தனை காசுலயும் அதே ரெட்டை வரும். எழுத்தோட முனை பிளந்து, ரெண்டும் உருண்டு திரண்டு நிக்கும். அடிக்கிறப்ப மிஷின் ஆடிப்போச்சுன்னாலும் ரெட்டை மாதிரித்தான் இருக்கும், ஆனா தட்டையா, இழுத்துவிட்ட மாதிரி. அதை யாரும் சீந்த மாட்டாங்க. உங்க காசுல அதுவும் கிடையாது. சுத்தமான ஒத்தைக் காசு.

என்ன சொன்னீங்க? இருங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. லென்ஸ் வச்சுப் பாத்தா ஒண்ணாயிடுது, எடுத்தா வருஷம் ரெண்டா தெரியுதா?

உக்காருங்க டீச்சர். இல்ல, அந்த ஸ்டூல் வேணாம். இதுல உக்காருங்க.

ஸ்கூல்ல பெல் அடிச்சா அடிக்கட்டும், பசங்க சந்தோஷமாத்தான் இருப்பாங்க. தலைவலி உண்டா? எத்தனை நாளா? காலைல எந்திரிக்கிறப்பவா. ம்.

நிஜ ரெட்டைன்னா லென்ஸ்ல இன்னும் பளிச்சுன்னு தெரியணும். அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை திடீர்னு அள்ளி அள்ளித் தள்ள ஆரம்பிச்சா. அதுக்கு முன்னாடி நாள் முழுக்க உக்காந்தா ரெண்டு, மூணு தேறும். அன்னைக்கு ஒரே உக்காருல நாப்பத்து மூணு. ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல. லென்ஸ் வச்சா ஒளிஞ்சுக்குதுங்க, எடுத்தா வருதுன்னு அவ சொன்னா. என்னைக் கண்டா காசுக்குக்கூட வெக்கம் போலன்னு நான் நக்கலடிச்சேன். அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்பு இருக்கே, இன்னைக்கும் கடைல தனியா இருந்தா கேக்கும். நாப்பத்து மூணுக்கும் புள்ளி வச்சேன், பாலிஷ் பாட்டிலே காலி.

அப்புறம் டீ ஊத்துனா. டம்ளர்ல இல்ல, பக்கத்துல, மேசை மேல. எந்த டம்ளர்ல ஊத்தணும்னு என்னைக் கேட்டா. மேசைல ஒரே டம்ளர்தான் இருந்துச்சு டீச்சர். நான் என்ன பண்ணேன் தெரியுமா? காசு நனையுதுன்னு கத்திட்டு, துடைக்கத் துணி எடுத்துக் குடுத்தேன்.

அதுங்க இப்பவும் சுத்துதுங்க. பஸ்ல மீதி வாங்குனா ஒண்ணு, மருந்துக் கடைல ஒண்ணு. இதுவரைக்கும் இருபத்தாறு திரும்பி வந்திருக்குது, அந்த டப்பால வச்சிருக்கேன். எல்லாம் அதாவே வந்துச்சு. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தது இது ஒண்ணுதான்.

சரி, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு என்னைப் பாருங்க. எத்தனை பேரு? ஒருத்தன். இப்பக் கையை எடுங்க. ரெண்டு பேரா? பயப்படாதீங்க டீச்சர்.

வண்டிச் சாவியை இப்படிக் குடுங்க. குடுங்கன்னா குடுங்க. நீங்க இன்னைக்கு ஓட்டக் கூடாது. நாளைக்குப் பாக்கலாங்கிற பேச்சே வேணாம். வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றேன். கடையைச் சாத்திட்டு உங்களை நானே டாக்ஸில கூட்டிட்டுப் போறேன்.

அவளா? டீ கொட்டுன மூணாவது வாரம் போய்ட்டா. தலைக்குள்ள கட்டி. லென்ஸ்ல ஒத்தைக் கண்ணாலதானே பாப்போம், அதான் ரெட்டை ஒளிஞ்சிருக்கு. டாக்டர் ஒரு விரலைக் காட்டி அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டார், ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னார். நாப்பத்து மூணு காசையும் ஒண்ணு விடாம பாத்தேன் டீச்சர். எதிர்ல உக்காந்திருந்தவளைப் பாக்கல.

ம், சொல்லுங்க. நம்பர்.