பள்ளத்தாக்கின் கடைசி மெர்கட்ராய்ட்

நோரீன் (மனசுக்குள்): பெரில் தட்டை மூடி எடுத்துட்டு வந்திருக்கா. இந்த மழையில, இந்த ஏத்தத்துல, முட்டிவலியோட. என் நாத்தனாரா இருந்த காலத்துல ஒரு தடவைகூட எனக்காக மேடு ஏறினவ இல்ல. இவ அண்ணன் என்னை விட்டுட்டுப் போய் இத்தனை வருஷம் கழிச்சு இவளே வந்து நிக்கிறாள்னா, ஏதோ வேணும். என்கிட்ட இன்னிக்குக் குடுக்க ஒண்ணும் மிச்சமில்ல.

பெரில்: ...கதவு இப்படித் திறந்தே கிடக்கே, எவனாவது தூக்கிட்டுப் போனா?

நோரீன்: எதை, என்னையா? தூக்கட்டும். நடக்கிற வேலை மிச்சம்.

பெரில்: கால் ஏன் வெந்நீர்ல?

நோரீன்: பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் உருளைக்கிழங்கு மசிச்சுட்டு வந்திருக்கேன். எழுந்திருக்க மாட்டேன். கெட்டில் அங்க இருக்கு, நீயே வை.

பெரில்: இஞ்சி கேக் கொண்டுவந்தேன்.

நோரீன்: பார்த்தேன். என்ன விஷயம்?

பெரில்: ஏன், சும்மா வரக்கூடாதா?

நோரீன்: வரலாமே. நீ வந்ததில்ல.

பெரில்: உன் வாய் மட்டும் களைக்கவே களைக்காதும்மா... சரி. சனிக்கிழமை விஷயம். அந்தக் கனடாக்காரர் உனக்கு போன் பண்ணாராமே.

நோரீன்: வெண்டல் மெர்கட்ராய்ட். பண்ணார். விட்டா விடிய விடியப் பேசியிருப்பார். உலகத்துல இருக்கிற மெர்கட்ராய்ட் எல்லாரையும் திரட்டிட்டு வர்றாராம். கனடா, நியூசிலாந்து... குடும்பப் பேர் ஒண்ணுங்கிறதுக்காக விமானம் ஏறி வர்றாங்க, பெரில். எனக்கு பஸ் ஏறவே அலுப்பா இருக்கு.

பெரில்: மலைமேல அந்த இடிஞ்ச பண்ணைவீட்டுக்கிட்ட கல்லு நடப்போறாங்க. நம்ம பேரே அங்கதான் பொறந்துச்சாம்.

நோரீன்: "ராய்ட்"னா காட்டை வெட்டித் திருத்தின நிலமாம். யாரோ மார்கரெட்டுன்னு ஒரு பொம்பளை திருத்தின நிலமாம். "மார்கரெட்டோட நிலம்"னு சொல்லிச் சொல்லி மெர்கட்ராய்ட் ஆயிடுச்சாம்.

பெரில்: அதெல்லாம் சும்மா. எங்கப்பா சொல்வார், மேட்டுப் புல்வெளிக்குப் போற பாதையோரம் இருந்த நிலம்னு. அதான் அர்த்தம். பொம்பளை எங்கேயிருந்து வந்தா நடுவுல?

நோரீன்: பொம்பளை வேண்டாம்னா விடு. எனக்கு மார்கரெட்டைப் பிடிச்சிருக்கு. அவ யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டேன். தெரியாதாம். அவளும் எங்கிருந்தோ வந்தவதான் போல.

பெரில்: அங்கதான் வர்றேன். எங்கிருந்தோ வந்தவ.

நோரீன் (மனசுக்குள்): ஆங். வந்துட்டா.

பெரில்: தப்பா நினைக்காத கண்ணு. என் வகுப்புல அஞ்சு மெர்கட்ராய்ட் இருந்தோம். டீச்சருக்கு யாரைக் கூப்பிடறதுன்னே தெரியாது. இப்போ? ஹாலிஃபாக்ஸ் பக்கம் போனா ஒண்ணு ரெண்டு இருக்கலாம். இந்தப் பள்ளத்தாக்குல ஒரே ஒருத்திதான். அதுவும் நீ!

நோரீன்: நான் என்ன செய்யட்டும்? அவங்களை நானா துரத்தினேன்? உன் அண்ணன் டெரிக் ஸ்பெயின்ல பீர் ஊத்திக்கிட்டு இருக்கான். நீ கென் பூத்தைக் கட்டிக்கிட்டு பூத் ஆயிட்ட.

பெரில்: இருபத்திரண்டு வயசுல யார் யோசிச்சா? சர்ச்சுல காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். பொறந்த பேர் போச்சு. நீ எங்க வீட்டுக்கு வாழ வந்தவ, நீ அதைப் போட்டுக்கிட்டு, விவாகரத்து ஆகியும் கழட்டாம...

நோரீன்: துணியை நீ விலக்கணும், அதானே?

பெரில்: என்னது?

நோரீன்: கல்லு மேல துணி போட்டு மூடியிருப்பாங்க, பள்ளத்தாக்குல மிச்சமிருக்கிற மெர்கட்ராய்ட் அதை விலக்கணும்னு வெண்டல் கேட்டார். நீயே விலக்கு. இந்தக் காலை வச்சுக்கிட்டு மலை ஏறறதுக்கு ஆளைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

பெரில்: நிஜமாவா?

நோரீன்: புது கோட்டு வாங்கியிருப்பியே.

பெரில்: ...நீலம். பித்தான் மட்டும் கொஞ்சம் பெரிசு.

நோரீன்: போட்டுக்க. முடிஞ்சுதா? கால் துடைக்க அந்தத் துண்டை எடு.

பெரில்: இல்ல... இன்னும் ஒண்ணு இருக்கு.

நோரீன் (மனசுக்குள்): எப்பவும் இன்னும் ஒண்ணு இருக்கும். நான் சட்டுனு விட்டுக்கொடுத்தா, அது மலிவா கிடைச்சுதேன்னு இன்னொண்ணு கேப்பாங்க. டெரிக்கும் இப்படித்தான். வீட்டைக் கேட்டான், குடுத்தேன். அப்புறம் திரைச்சீலையைக் கேட்டான்.

பெரில்: நீ உன் பேருக்கே திரும்பிப் போயிடேன். பொறந்த பேர். ஸ்மித். என்ன குறைச்சல் அதுக்கு? இரும்படிக்கிறவன். உழைச்சவன் பேரு. நாட்டுலயே அதிகம் பேர் வச்சிருக்கிற பேரு. மெர்கட்ராய்ட்டுன்னு சொன்னா பாதிப் பேர் சிரிக்கிறாங்க. ஸ்மித்னா எவன் சிரிப்பான்?

நோரீன்: டீ ஆறுது.

பெரில்: வக்கீல்கிட்ட ஒரு கையெழுத்து. டெரிக்கும் அதைத்தான் விரும்பறான்.

நோரீன்: டெரிக்கைக் கேட்டியா?

பெரில்: கேட்...

நோரீன்: பெரில்.

பெரில்: கேக்கல.

நோரீன்: சனிக்கிழமை துணியை விலக்க என் பேர் எதுக்குடி குறுக்க வருது? நான்தான் வீட்டுலயே இருக்கேன்னு சொல்லிட்டேனே.

பெரில்: ...வெண்டல்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்.

நோரீன்: என்னன்னு?

பெரில்: நீ ஸ்மித் ஆயிட்டன்னு. கென் செத்துப்போன பிறகு நான் மறுபடி மெர்கட்ராய்ட் ஆயிட்டேன்னு. பத்திரிகைக்காரங்கிட்ட வேற சொல்லிட்டார் மனுஷன்... "கடைசி மெர்கட்ராய்ட்"னு படம் எடுக்க வர்றாங்க. என் பேரை மாத்தற மனுவுல இப்பதான் கையெழுத்துப் போட்டேன். உன்னது மட்டும்தான் பாக்கி. வெண்டல் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையா டெலிபோன் புத்தகத்தைத்தான் புரட்டுவாராம். அதுல உன் பேர் இருந்தா நான் எங்க போய் முகத்தை வச்சுக்குவேன்? டெலிபோன் ஆபீசுல சொல்லி எடுத்துடு. கெஞ்சறேன்.

நோரீன்: அழாத. கேக்ல விழுது.

பெரில்: நீ சிரிக்கிற.

நோரீன்: சிரிக்கல. அலுத்துப்போச்சு... ஸ்மித்ங்கறது என் பேர்னு யார் சொன்னா?

பெரில்: கல்யாணத்துல எழுதினியே.

நோரீன்: என்னை அநாதை விடுதியில விட்டப்போ எங்கம்மா சொன்ன பேரு. நிஜமா பொய்யான்னுகூட எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டுப் போனா. வளர்ந்தப்புறம் தேடினேன். லீட்ஸ் போய் டெலிபோன் புத்தகத்தைத் திறந்தேன். ஸ்மித், ஸ்மித், ஸ்மித்... பக்கம் பக்கமா. டெலிபோன் கூண்டுல நின்னு ஒவ்வொரு நம்பரா சுத்தினேன். "மன்னிக்கணும், நீங்க நோரீனோட அம்மாவா?" முன்பின் தெரியாத எத்தனை பேர்கிட்ட இதைக் கேக்க முடியும் சொல்லு. ஒரு பக்கம்கூட முடியல. மூடி வச்சுட்டேன்.

பெரில்: எனக்குத் தெரியாதும்மா. நீ சொன்னதே இல்ல.

நோரீன்: நீ கேட்டதில்ல.

பெரில்: சரி, ஸ்மித் வேண்டாம். வேற எதையாவது வச்சுக்கயேன். ஆனா இந்தப் பேரை யாருக்காகப் பிடிச்சுக்கிட்டு இருக்க? டெரிக் போயிட்டான். லின்...

நோரீன்: சொல்லு. என் பொண்ணு பேர்தானே. சொல்லு.

பெரில்: லின் பதினேழு வயசுல கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவ. இன்னி வரைக்கும் ஒரு வரி இல்ல. நீயேதான் சொன்ன, அவளைத் தலைமுழுகிட்டேன்னு. அவ சாமானை எல்லாம் சர்ச் விற்பனைக்குக் குடுத்த. நான்தான் தூக்கிட்டுப் போனேன்.

நோரீன்: நீங்கள்லாம் கேக்கிறதை நிறுத்தணும்னு சொன்னேன்.

பெரில்: நோரீன்...

நோரீன்: கடைத்தெருவுல, பஸ்ஸுல, "லின் எங்க, லின் எங்க"ன்னு. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு.

பெரில்: அப்போ... டெலிபோன் புத்தகத்துல இருந்து எடுக்க மாட்டியா?

நோரீன்: துணியை நீ விலக்கு. படமும் நீ எடுத்துக்க. யார் வந்து கேட்டாலும் உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன், கதவையே திறக்க மாட்டேன். ஆனா பேர் இருந்த இடத்துலயே இருக்கட்டும், பெரில். பனிக்காலத்துல ஒரு நாள் போன் அடிச்சுது. "மெர்கட்ராய்ட் வீடா?"ன்னு ஒரு பொண்ணு குரல். ஆமான்னேன். அப்புறம் பேச்சே இல்ல, மூச்சு மட்டும். வச்சுட்டா. அவளுக்குத் தெரிஞ்ச வீட்டை வித்தாச்சு, அதுக்கப்புறம் நான் ரெண்டு வீடு மாறிட்டேன்... இன்னொரு தடவை புத்தகத்தைத் திறந்தாள்னா, அவ சுத்த வேண்டியது ஒரே ஒரு நம்பர்தான்.