இலை வாட்டும் மாடியில் எடுத்த மழைக்கோட்டு

என் பெயர் யாக்கோபு, வயது 49, ஏழாம் வகுப்பு வரை படித்தவன், சூரியநெல்லியில் எஸ்டேட் லயத்து வரிசையில் கடைசி வீட்டில் மனைவி சந்தனமேரியுடன் குடியிருக்கிறேன். மூடிக் கிடந்த பழைய தேயிலை ஃபேக்டரியை இப்போது பெரிய ஆர்ட் மியூசியமாக்கி இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் அங்கே போனேன். அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் என்பதால், செருப்போடு உள்ளே போகக்கூடாது என்ற பழைய சட்டப்படி வாசலிலேயே கழற்றி வைத்தேன். அதன் பிறகு, எனக்குப் பின்னால் வந்த கொச்சிக்காரர்களும் என்னைப் பார்த்து ஷூவைக் கழற்றிவிட்டார்கள். சீட்டுக் கொடுக்கும் பெண் ஓடிவந்து, "அய்யோ சேட்டா, இது கோயிலொண்ணும் இல்ல" என்றாள். குனிந்து ஷூ மாட்ட முடியாமல் ஒரு அம்மாள் என்னை முறைத்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காவலுக்கு நிற்கும் செபாஸ்டின் என்னோடு அங்கே வேலை பார்த்தவர். "என்ன யாக்கோபண்ணே, ட்யூட்டிக்கு வந்தியளா? இப்ப தூள் கிடையாது. சீட்டு வாங்கிட்டு நம்ம மண்ணைத்தான் பாக்க வாராக" என்றார். நானும் சிரித்தேன்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மழையில் மலை சரிந்து எங்கள் பழைய லயம் புதைந்தது. நாங்கள் இருவரும் வேலைக்காட்டில் இருந்தோம். மகள் ஜிஸ்மி, வயது ஒன்பது, வீட்டில் இருந்தாள். சிலருடைய உடல் கிடைத்தது. அவளுடையது கிடைக்கவில்லை. அந்த மண்ணிலிருந்து எடுத்த சாமான்களை ஒரு ஆர்ட்டிஸ்ட் மியூசியத்தில் வைத்திருப்பதாகப் பேப்பரில் படம் வந்தது. அதில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டைக் காட்டி சந்தனமேரி, "ஏங்க, இது நம்ம பிள்ளையோட கோட்டு. திருநாளைக்கு எல்லாரும் அவகவக கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவாக. நான் எந்த மண்ணுல கொளுத்த?" என்றாள்.

உள்ளே ஒரு அறையில் மூடுபனியை டிவியில் காட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் அதே மூடுபனிதான். எல்லோரும் டிவியைத்தான் போட்டோ எடுத்தார்கள், நானும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதன் பிறகு, முன்பு இலை வாட்டிய மாடிக்கு ஏறினேன். இலை பரப்புகிற நீளத் தட்டுகளில் செருப்பு, குடை, சோற்றுப் பாத்திரம், பள்ளிக்கூடப் பை எல்லாம் சேற்றோடு வரிசையாக இருந்தன. கோட்டும் இருந்தது. அங்கிருந்த அதிகாரியிடம், "சார், எங்க பிள்ளையோடது, தந்திருங்க. புதைக்கணும்" என்றேன். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். "சேட்டா, ஒண்ணு எடுத்தா இந்த ஒர்க்கே போச்சு. எழுதிக் குடுங்க, கமிட்டி கூடணும்" என்றார். "நாளைக்குள்ள கூடுமா சார்?" என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு, கோட்டை எடுத்துச் சட்டைக்குள் சொருகினேன். எனக்குத் தொப்பை உண்டு, வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன். கேமராவில் நன்றாகத் தெரிவதாக ஸ்டேஷனில் எஸ்.ஐ. சார் இன்று காட்டினார். பின்மண்டை வழுக்கையையும் இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன்.

வீட்டில் சந்தனமேரி கோட்டை வாங்கி, சேற்றைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டாள். திருநாள் காலையில் உபதேசியார் சகாயம் செபம் சொல்ல, கல்லறைத் தோட்டத்தில் புதைத்து மெழுகுதிரி வைத்தோம். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். கோட்டு தொண்டிப் பொருள், கேஸுக்குத் தோண்டி எடுக்க வேண்டும் என்று எஸ்.ஐ. சார் சொல்கிறார். என்னை உள்ளே வைத்தாலும் சரி, அதைத் தோண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்பொரு நாள் ஜிஸ்மி தன் கோட்டின் பையைக் கிழித்துக்கொண்டு வந்து, "அப்பா, அம்மாட்ட சொல்லாதீக" என்றதால், சைக்கிள் டியூப் வெட்டி உள்பக்கம் நானே ஒட்டினேன். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். எடுத்துவந்த கோட்டில் அந்த ஒட்டு இல்லை. மியூசியத்திலிருந்து வீட்டுக்கு ஜீப்பில் வரும்போதே பார்த்துவிட்டேன். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் கோட்டுதான். இது எந்தப் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியாது.

இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, உண்மை. எழுதியதை ஏட்டையா வாசித்துக் காட்டினார். சந்தனமேரி கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்ததால், கடைசிப் பகுதியை மட்டும் சத்தமாக வாசிக்க விடாமல், நானே கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) யாக்கோபு