தலையனை தேடியவள்

டீ ஆறிவிட்டது, பரவாயில்லை. நான் சூடாகக் குடிப்பவன் அல்ல.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். இணையக் கடைக்கு வருகிறவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று புரிந்துகொள்வது. கை எழுதுவது ஒன்று, மனம் கேட்பது இன்னொன்று. ‘மாமியார் குறட்டை’ என்று தேடுகிற மருமகளுக்கு மாமியார் வேண்டாம்; காதை அடைக்கப் பஞ்சு வேண்டும். இது தெரியாத கடைக்காரன் மாமியார் புகைப்படத்துக்குச் சட்டம் விற்பான். எனக்குக் குறிப்பறியும் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. அம்மா அடுக்களையில் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அப்பாவின் மனநிலையைச் சொல்லிவிடுவேன்.

நீங்கள் விசாரிக்கிற அந்தத் தையல்காரியை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவளும் அவள் கணவரும் ஒரே கணக்கில்தான் வாங்குவார்கள். நூல், ஊசி, மகளுக்குச் செருப்பு. தலையணையை எப்போதும் ‘தலையனை’ என்றுதான் எழுதுவாள். பிறகு அவள் தேடுவது மாறியது: வீக்கத்துக்குக் களிம்பு, கழுத்தை மூடும் சட்டை, சத்தம் வராத சக்கரம் வைத்த பெட்டி. அதோடு நின்றுவிட்டது. சில வாரங்கள் கழித்து வேறு ஊரிலிருந்து, வேறு பெயரில், ஒரு புதுக் கணக்கு. கதவுக்கு உள்தாழ்ப்பாள், சிறுமிக்குச் செருப்பு, ஒரு ‘தலையனை’. பெயரை மாற்றிக்கொள்ளலாம், கைப்பழக்கம் மாறுமா? எனக்கு உள்ளூர ஒரு நிறைவு.

அந்தச் சமயத்தில்தான் பழைய கணக்கிலிருந்து கணவர் தேடத் தொடங்கினார். தேடல் பெட்டியைக் கண்டால் மனிதர்களுக்கு அது கடை என்பதே மறந்துவிடும். அவர் எழுதியது: ‘என் பொண்டாட்டி எங்க இருக்கா’.

பக்கத்து மேசைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இந்த ஆள் சரியில்லண்ணா. அந்தப் பொண்ணு உயிருக்குப் பயந்து ஓடியிருக்கா. மேல சொல்லிடுங்க.”

“சொல்லிடறேம்மா. நீ சாப்பிடப் போ.”

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு கணக்குகளையும் என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பாதியில் விட்ட வேலை எனக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தும்.

அவர் மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும். நடுவில் கயிறு வாங்கினார், அகலமான ஒட்டுநாடா வாங்கினார், நீளமான கத்தி ஒன்றும் வாங்கினார். எதற்கென்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என் பிழைப்பே அதைத் தெரிந்துகொள்வதுதான். ஆனால் ஒரு மனிதர் வாசலுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார், நாம் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு அனுப்புகிறோம். அதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அவருடைய அடுத்த தேடலுக்கு முதல் வரியாக அவளுடைய தெருவும் கதவு எண்ணும் வரும்படி நான்தான் எழுதினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. அவர் அந்த வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு வேறு எதையும் பார்க்காமல் பக்கத்தை மூடினார். வேண்டியது கிடைத்தவர்கள் அப்படித்தான் மூடுவார்கள்.

அவள் கேட்ட உள்தாழ்ப்பாள் அப்போது வழியில் இருந்தது. பார்சல் தாமதம். அது என் பிரிவு அல்ல, அவர்களைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நடந்ததைச் செய்தியில் பார்த்தேன். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததால் தப்பித்தாளாம். இப்போது சித்தியிடம் இருக்கிறாள்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்த காலையில் அந்தப் புதுக் கணக்கில் ஒரு தேடல் வந்திருந்தது. எழுத்துக்கூட்டி எழுதிய ஒரே சொல்: அம்மா.

பக்கத்து மேசைப் பெண் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழுதால் ஆயிற்றா? அந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்ள அங்கே ஓர் ஆள் வேண்டாமா? என் கணினியைக் கொஞ்ச நேரம் கொடுங்கள். அவளுக்கு எந்தப் பொம்மை பிடிக்கும் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.