பக்கோடா மடித்த காகிதம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரரு பேப்பருக்காகத்தான் பக்கோடாவே வாங்குறாருக்கா."

"எந்தப் பேப்பரு?"

"பக்கோடா மடிச்சுக் குடுக்குற பழைய பேப்பருதான். கல்லு குவாரியில காலு ஒடிஞ்சு வூட்டோட வந்ததுலேர்ந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்த மனுசன். ஒருநா, மடிச்சு வந்த காகிதத்துல ஒரு கதையப் படிச்சிருக்காரு. கதையில ஒரு பொட்டியத் தொறக்குற எடத்துல பக்கம் கிழிஞ்சுபோச்சு. மிச்சத்தத் தேடி, கம்ப ஊணிக்கிட்டு கடைக்கே கெளம்பிட்டாரு."

"அந்தக் காலோடயா?"

"தெனமும் போறாரு. காகிதம் அவருக்கு, பக்கோடா எனக்கு. நான்தான் பெருத்துட்டேன்."

பக்கத்திலிருந்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது தெரியுது," என்றார்.

"சிரிக்காதீங்க. முன்னெல்லாம் சோறு வேணுமான்னு கேட்டாக்கூட பதில் வராது. இப்ப பொட்டிக்குள்ள நகைதான் இருக்கும், இல்ல பாம்புதான் இருக்கும்னு எங்கூட ஒரே சண்ட. படுத்தா நல்லாத் தூங்குறாரு."

"மிச்சக் கதை கெடச்சுச்சா, இல்லியா?"

ஜன்னலோரத்துப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து நான் கடைக்குப் போனப்ப கெடச்சிருச்சுக்கா. கிழிஞ்ச ஓரம் அப்படியே பொருந்துச்சு. அரிசிப் பானைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."

"அடிப்பாவி! பொட்டியில என்னதான் இருந்துச்சு?"

"நான் படிக்கலக்கா. படிச்சா, என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு."